ஆற்றில் போட்டதைக் குளத்தில் தேடினோம்!

‘ஆத்துல போட்டுட்டு குளத்துல தேடுறது’ என்று ஒரு பழமொழி சொல்வார்கள். அதன் பின்னால் இருப்பது எங்கள் பக்கத்து ஆள் ஒருவரின் கதை. சுந்தரர் பிறந்த திருநாவலூர், எங்கள் களமருதூர் இருக்கிற அதே உளுந்தூர்பேட்டை வட்டாரத்தில்தான் இருக்கிறது. விருத்தாசலத்தில் சிவபெருமான் கொடுத்த பன்னிரண்டாயிரம் பொன்னை அங்கேயே மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர் போய் கமலாலயக் குளத்தில் இறங்கித் தேடி எடுத்தாராம் சுந்தரர். கேட்ட நேரத்தில் கிடைக்கவில்லை. பாடிப் பாடித்தான் வாங்க வேண்டியிருந்தது.

நான் போட்டது ஒரு புத்தகம். எடைக்குப் போட்டேன்.

2004-ல் எங்கள் ஓட்டு வீட்டைப் பிரித்து மாடி வீடு கட்டினோம். பரணில் இருந்த சாமான்களை எல்லாம் இறக்கினபோது இரண்டு மூட்டை பழைய புத்தகம் இருந்தது. கரையான் ஏறிவிடப் போகிறதே என்ற அவசரத்தில், சைக்கிளில் வந்த பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டுப் போட்டுவிட்டேன். வந்த காசில் கொத்தனார்களுக்கு டீயும் வடையும் வாங்கியது ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் அம்மா கேட்டார். “என் மோகனாம்பாளை எங்கேப்பா வச்ச?”

‘தில்லானா மோகனாம்பாள்’ 1957, 58-ல் ஆனந்த விகடனில் தொடர்கதையாக வந்தது. ‘கலைமணி’ என்ற பெயரில் எழுதியவர் கொத்தமங்கலம் சுப்பு. படம் வரைந்தவர் கோபுலு. அம்மாவுக்கு அப்போது 14, 15 வயது. என் தாத்தா பள்ளிக்கூட வாத்தியார் என்பதால் வாரப் பத்திரிகை வீட்டுக்கு வரும். அம்மா வாராவாரம் அந்தப் பக்கங்களைக் கிழியாமல் எடுத்து அடுக்கி, கதை முடிந்ததும் கோணி ஊசியால் தைத்து, மைதாப் பசையில் காலண்டர் அட்டை ஒட்டி வைத்திருந்தார். கல்யாணமாகிக் களமருதூர் வந்தபோது பெட்டியில் அதுவும் வந்தது. முதல் பக்கத்தில் அவர் பெயர் பச்சை மையில் இருக்கும்.

எடைக்குப் போட்டதைச் சொன்னேன். அம்மா திட்டவில்லை. “சரி, போனது போச்சு” என்று அடுப்படிக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

பின்னால் அந்த நாவலைப் புதிதாக வாங்கிக் கொடுத்தேன். ஆசையாகத்தான் படித்தார். முடித்துவிட்டு, “கதை அதேதான். ஆனா என் புத்தகம் இது இல்லையே” என்றார்.

மூர் மார்க்கெட் என்றொரு கடல்

2019-ல் என் மகள் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். 2018-லிருந்து பள்ளிப் பாடப்புத்தகங்கள் மாறத் தொடங்கிய நேரம். தேர்வுக்குப் படிப்பவர்களுக்குப் புதுப் புத்தகமும் வேண்டும், பழைய சமச்சீர்ப் புத்தகமும் வேண்டும். பழையது எங்கே கிடைக்கும்? எங்கள் ஊரிலிருந்து புத்தகம் வாங்க உளுந்தூர்பேட்டையோ விழுப்புரமோதான் போவோம். கேட்ட இடத்தில் எல்லாம் ‘ஸ்டாக் இல்லை’. “மெட்ராஸ்ல பழைய புத்தகக் கடைக்குப் போங்க” என்றார் ஒரு கடைக்காரர்.

ஒரு சனிக்கிழமை விடிகாலையில் அப்பாவும் பெண்ணுமாகக் கிளம்பினோம். உளுந்தூர்பேட்டையில் பஸ் பிடித்து கோயம்பேடு. அங்கிருந்து மெட்ரோ ரயிலில் சென்ட்ரல். இறங்கியதும் மகளுக்கு அந்த இடத்தைக் காட்டினேன்.

சென்ட்ரலை ஒட்டி, இன்று மின்சார ரயில்கள் புறப்படும் பக்கத்தில்தான் மூர் மார்க்கெட் இருந்தது. சென்னை நகராட்சித் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூர் 1898-ல் அடிக்கல் நாட்ட, 1900-ல் திறக்கப்பட்ட சிவப்புக் கட்டடம். பறவைக் கூண்டு, கிராமபோன் தட்டு, பழைய கடிகாரம் என்று எல்லாம் விற்ற அங்கே, பழைய புத்தகத்துக்கென்றே வருகிற கூட்டம் தனி. பேராசிரியர்களும் வருவார்கள், ஃபீஸ் கட்டவே கஷ்டப்படுகிற மாணவர்களும் வருவார்கள். 1985 மே 30-ம் தேதி தீப்பிடித்து எரிந்துபோனது. எத்தனை புத்தகம் போயிற்று என்று யார் கணக்கு எடுத்திருக்கப் போகிறார்கள்?

கட்டடம் போனாலும் பெயர் போகவில்லை. மின்சார ரயில் நிலையத்துக்கு ‘மூர் மார்க்கெட் வளாகம்’ என்றுதான் பெயர். கடை வைத்திருந்தவர்களில் பலர் பக்கத்தில் உள்ள அல்லிக்குளம் வணிக வளாகத்துக்கு வந்து சேர்ந்தார்கள். நாங்களும் அங்கேதான் போனோம்.

தேடியது ஒன்று, எடுத்தது ஒன்பது

பழைய புத்தகக் கடைக்குள் நுழைந்ததும் முதலில் வருவது வாசனை. கொஞ்சம் தூசி, கொஞ்சம் மழையில் நனைந்து காய்ந்த காகிதம். அடுத்து, எங்கே ஆரம்பிப்பது என்ற திகைப்பு. தரையிலிருந்து கூரை வரை கட்டு கட்டாக இருக்கும். பொறியியல் புத்தகத்தின் மேல் சமையல் புத்தகம், அதன் மேல் ஜோதிடம், அதற்கும் மேல் யாரோ பரிசாக வாங்கிய திருக்குறள்.

“என்ன புக்கு சார்?” என்றார் கடைக்காரர். மகள் பட்டியலை நீட்டினாள். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை சமூக அறிவியல், அறிவியல், தமிழ். அவர் பட்டியலை ஒரு தரம்தான் பார்த்தார். உள்ளே போய் ஒரு கட்டை இழுத்து, நடுவிலிருந்து நாலு புத்தகத்தை உருவி எடுத்தார். மேலே இருந்தவை சரியவில்லை. கம்ப்யூட்டர் கிடையாது, சீட்டு கிடையாது. எல்லாம் மனசிலேயே இருக்கிறது.

புதுப் புத்தகக் கடையில் நமக்கு வேண்டியதைக் கேட்கிறோம், எடுத்துக் கொடுக்கிறார்கள், வந்துவிடுகிறோம். போனில் வாங்குவது இன்னும் சுலபம். பெயரைத் தட்டினால் வீட்டுக்கே வந்துவிடும். ஆனால் பெயர் தெரிந்தால்தானே தட்ட முடியும்? இப்படி ஒரு புத்தகம் உலகத்தில் இருக்கிறது என்றே தெரியாத ஒன்று நம் கையில் வந்து விழுவது, பழைய புத்தகக் கடையில் குனிந்து நிமிர்ந்து கிளறினால்தான்.

மகள் அன்று பட்டியலில் இருந்த ஆறு புத்தகத்தோடு, இல்லாத மூன்றையும் எடுத்தாள். ஒன்று நட்சத்திரங்களைப் பற்றிய குழந்தைகள் புத்தகம். ஒன்று தையல் அளவுகள். மூன்றாவது, யாரோ ஒரு மாணவர் ஓரம் முழுக்க பென்சிலில் குறிப்பு எழுதிய இந்திய வரலாறு. “அப்பா, இதுல பாடத்தை விட குறிப்பு நல்லா இருக்கு!” என்றாள். அந்த மாணவர் இன்று எங்கே இருக்கிறாரோ, தெரியாமலே என் மகளுக்கு வாத்தியார் ஆகிவிட்டார்.

ஒன்பது புத்தகத்துக்கும் சேர்த்து, ஒரே ஒரு புதுக் கைடு வாங்கும் விலைதான் ஆனது.

நான் என் விஷயத்தைக் கேட்டேன். “பைண்டு பண்ணின தொடர்கதை இருக்குமா? தில்லானா மோகனாம்பாள்?”

கடைக்காரர் சிரித்தார். “அதுக்குத்தான் சார் எல்லாரும் அலையறாங்க. வந்த அன்னிக்கே போயிடும். சேர்த்து வைக்கிறவங்க போன் நம்பர் குடுத்துட்டுப் போயிருக்காங்க. பக்கம் குறையாம இருந்தா விலையும் எட்டாது.” கொஞ்சம் நிறுத்தி, “உங்க வீட்டுல இருந்துச்சா? எடைக்குப் போட்டீங்களா?” என்றார். எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டேன். “இதைத் தேடி வர்றவங்க பாதிப் பேரு போட்டுட்டுத்தான் வர்றாங்க” என்றார்.

எடைக்குப் போட்டது எங்கே போகும் என்பதையும் அவரே சொன்னார். தெருவில் வாங்குபவர் மண்டியில் போடுவார். மண்டியில் செய்தித்தாள், நோட்டு, புத்தகம் என்று பிரிப்பார்கள். புத்தகத்தை அடையாளம் தெரிந்த ஒருவர் அந்த நேரத்தில் அங்கே இருந்தால், அது இந்த மாதிரிக் கடைக்கு வரும். இல்லாவிட்டால் பொட்டலமாகும், அல்லது கூழாகி அட்டைப் பெட்டி ஆகும். ஒரு புத்தகம் பிழைப்பது அந்த ஒரு ஆள் கண்ணில் படுவதில்தான் இருக்கிறது.

ஒரு ஓவியர் சேர்த்த லட்சம்

அப்படிக் கண்ணில் பட்டதை எல்லாம் காப்பாற்றிய ஒருவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். சென்னையில் தொழில் பழகிய காலத்தில் மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகங்களைத் தேடி வாங்க ஆரம்பித்தவர், ஊருக்குத் திரும்பிய பிறகும் விடவில்லை. நாவல், நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் தூக்கிப்போடுவதை எல்லாம் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்தபோது சேர்ந்திருந்தவை சுமார் ஒரு லட்சம். அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கி, தமிழ்நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகாமல் சென்னையிலேயே நூலகமாக்க வழி செய்தது. 1994-ல் பிறந்த ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அதுதான். இன்று பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் அங்கே வந்து படிக்கிறார்கள்.

அவர் வசதியான வீட்டுப் பிரபு இல்லை, பேராசிரியரும் இல்லை. கடையில் நின்று பார்க்கப் பொறுமை உள்ள ஒரு மனிதர்.

ஞாயிற்றுக்கிழமை நடைபாதை

அன்றிரவு திருவல்லிக்கேணியில் சொந்தக்காரர் வீட்டில் தங்கினோம். மறுநாள் காலை பாரதி சாலை. பழைய ஆட்களுக்குப் பைகிராப்ட்ஸ் ரோடு என்றால்தான் புரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் மற்ற கடைகள் சாத்தியிருக்க, அந்த வாசல்களிலும் நடைபாதையிலும் சாக்கு விரித்துப் புத்தகக் கடை போட்டிருப்பார்கள். இங்கே அடுக்கு கிடையாது. குவியல்தான். குத்துக்காலிட்டு உட்கார்ந்து தேட வேண்டும். எனக்கு முட்டி வலி என்பதால் மகள் எடுத்து எடுத்துக் காட்டினாள்.

மூன்றாவது குவியலில் ஒரு தடிமனான பைண்டு வால்யூம் வந்தது. கோணி ஊசித் தையல். மேலே ஒட்டிய காலண்டர் அட்டையில் பாதி முருகன். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அவசரமாகத் திறந்தேன்.

மோகனாம்பாள் இல்லை. ஏதோ ஒரு குடும்பக் கதை. முதல் சில பக்கங்கள் போயிருந்தன. தலைப்பும் இல்லை, எழுதியவர் பெயரும் இல்லை. பின் அட்டையின் உள்பக்கத்தில் ஒரு பெண்ணின் பெயரும் ‘திண்டிவனம்’ என்ற ஊரும் நீல மையில் இருந்தன. வைத்துவிட்டு எழுந்திருக்கப் பார்த்தேன்.

மகள் விடவில்லை. புரட்டிக்கொண்டே இருந்தவள், “அப்பா, இது என்ன எழுத்து?” என்றாள். ‘லை’, ‘னை’ எல்லாம் யானைத் துதிக்கை போட்டது போல இருக்கிற பழைய எழுத்து. 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவரும் முன் நாங்கள் எல்லாம் அப்படித்தான் எழுதினோம் என்றேன். கொஞ்ச நேரத்தில் அவளே பழகி, கூட்டிப் படிக்க ஆரம்பித்துவிட்டாள்.

எந்த வருஷத்துப் பத்திரிகை என்று தேதி இல்லை. ஆனால் ஒரு சோப்பு விளம்பரத்தில் விலை ‘ந.பை.’ என்று போட்டிருந்தது. நயா பைசா. 1957-ல் அணா கணக்கு போய் நயா பைசா வந்தது. 1964-ல் ‘நயா’ போய் வெறும் பைசா ஆனது. அப்படியானால் இது அந்த ஏழு வருஷத்துக்குள் வந்த பத்திரிகை. அம்மா தைத்து வைத்த அதே காலம்!

நடுவில் ஒரு நோட்டுத் தாள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. பிரித்தால் புள்ளிக் கோலம். பக்கத்தில், ‘15 புள்ளி, ஊடு புள்ளி, 8 வரை’ என்று அதே நீல மையில் எழுதியிருந்தது.

“ஆயாவுக்கு இதை வாங்கலாம்ப்பா” என்றாள் மகள்.

அறுநூறு சொன்னார்கள். பேசி நானூற்றைம்பதுக்கு வாங்கினோம்.

இது யார் வீட்டுப் புத்தகம்?

ஊருக்கு வந்து அம்மா கையில் கொடுத்தேன். “உன்னோடது கிடைக்கலைம்மா” என்று சொல்லிவிட்டுத்தான் கொடுத்தேன்.

அம்மா முதலில் படிக்கவில்லை. தையலைத் தடவிப் பார்த்தார். “மூணு ஓட்டை போட்டுத் தச்சிருக்கா. நான் நாலு போடுவேன்” என்றார். பிறகு விளம்பரங்களைப் பார்த்தார். துணுக்குகளைப் பார்த்தார். ஒரு ஜோக்கைப் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தார். புதுப் பதிப்பு வாங்கிக் கொடுத்தபோது எது இல்லை என்றாரோ அது எனக்கு அப்போதுதான் புரிந்தது. கதையோடு, அந்த வாரங்களும் அந்தப் பக்கங்களில் இருந்தன. அடுத்த வாரம் வரை காத்திருந்த பதினைந்து வயசுப் பெண்ணும் இருந்தாள்.

அன்று ராத்திரி கேட்டார். “இது யார் வீட்டுப் புத்தகம்ப்பா? அவங்க தேட மாட்டாங்களா?”

பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு திண்டிவனத்தில் எங்கே போய்த் தேடுவது?

அம்மாவே ஒரு முடிவுக்கு வந்தார். பேத்தியைக் கூப்பிட்டு, அந்தப் பெயருக்குக் கீழே தன் பெயரையும் களமருதூர் என்ற ஊரையும் எழுதச் சொன்னார். “நாளைக்கு யாராவது எடைக்குப் போட்டாலும், எங்கெங்க இருந்துச்சுன்னு தெரியட்டும்” என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. எனக்குத்தான் சொன்னார்.

நீங்களும் போய்ப் பாருங்கள்

கள்ளக்குறிச்சி, விழுப்புரம் பக்கத்து ஆட்களுக்குச் சென்னைதான் என்றில்லை. புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் சந்தையிலும் துணிமணிகளுக்கு நடுவே பழைய புத்தகங்கள் விற்கிறார்கள். காலையிலேயே போய்விடுங்கள். மதியம் வெயிலும் ஏறிவிடும், நல்லதும் போய்விடும்.

பழைய புத்தகம் வாங்கும்போது நான் பட்டுத் தெரிந்துகொண்ட சில விஷயங்கள்:

முதலும் கடைசியும் மட்டும் பார்க்காமல் நடுப் பக்கங்களையும் பாருங்கள். பல புத்தகங்கள் 16 பக்கம் கொண்ட ஃபாரம்களாக அச்சாகின்றன. போனால் 16 பக்கம் மொத்தமாகப் போயிருக்கும்.

ஊசி குத்தியது போல ஓட்டை இருந்தால் அது ராமபாணப் பூச்சி. அந்தப் புத்தகத்தை வீட்டில் மற்ற புத்தகங்களோடு உடனே சேர்க்காதீர்கள். தனியாக வைத்துச் சில நாள் கவனியுங்கள். அலமாரியில் வசம்பும் காய்ந்த வேப்பிலையும் போட்டு வைப்பது நம் வீட்டுப் பழக்கம்தான்.

குழந்தைகளை அழைத்துப் போங்கள். ‘இதை எடு, அதை எடு’ என்று சொல்லாமல் ஆளுக்கு நூறு ரூபாய் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். அவர்கள் எதை எடுக்கிறார்கள் என்று பார்ப்பதே ஒரு சுகம்.

கடைசியாக ஒன்று. பரண் சுத்தம் செய்யும்போது, எடைக்குப் போடும் முன் ஒவ்வொரு புத்தகத்தையும் ஒரு தரம் திறந்து பாருங்கள். முதல் பக்கத்தில் யார் பெயராவது இருந்தால், அவர்களைக் கேளுங்கள். அதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகாது. எனக்கு அந்த ஐந்து நிமிஷம் இல்லாததால் பதினைந்து வருஷம் கழித்து பஸ் ஏற வேண்டியிருந்தது.

மோகனாம்பாளை இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். சென்னைக்கு எந்த வேலையாகப் போனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையைப் பாரதி சாலைக்கு ஒதுக்கிவிடுகிறேன். மகள் இப்போது அரசு வேலையில் இருக்கிறாள். அம்மாவுக்குக் கண் பார்வை குறைந்துவிட்டதால் நாங்கள்தான் படித்துச் சொல்கிறோம். தலைப்பில்லாத அந்தக் கதையை இதுவரை மூன்று முறை முடித்தாயிற்று.

வருஷா வருஷம் மார்கழி முதல் நாள் எங்கள் வாசலில் பதினைந்து புள்ளிக் கோலம் ஒன்று போடுவோம். தெருவில் யாராவது நின்று, “இது எந்த ஊர்க் கோலம்? புதுசா இருக்கே!” என்று கேட்டால், அம்மா திண்ணையில் உட்கார்ந்தபடியே சொல்வார்: “இது திண்டிவனத்துக் கோலம்.”